வீட்டுப் பத்திரம் வைக்காமல் இரும்பு சப்ளை தொழிலுக்குக் கடன் கிடைக்குமா?

கேள்வி: எம்எஸ் ஆங்கிள், சேனல், பைப், ஜிஐ ஷீட் வாங்கி ஃபேப்ரிகேஷன் பட்டறைகளுக்கு சப்ளை செய்கிறேன். ஜிஎஸ்டி கணக்குப்படி சென்ற ஆண்டு விற்பனை 1.2 கோடி ரூபாய். உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருக்கிறது. 25 லட்சம் கேட்டால், அப்பா பெயரில் உள்ள வீட்டை அடமானம் வைக்கச் சொல்கிறது வங்கி. அரசு உத்தரவாதக் கடனுக்கு இது தேவையில்லை என்கிறார்களே?

பதில்: தேவையில்லை என்பது சரிதான். ஆனால் அந்த உத்தரவாதம் உங்களுக்கல்ல, வங்கிக்கு. மத்திய அரசும் சிட்பியும் (சிறுதொழில் வளர்ச்சி வங்கி) 2000-ல் அமைத்த சிஜிடிஎம்எஸ்இ அறக்கட்டளை, கடன் வராமல் போனால் வங்கியின் இழப்பில் ஒரு பங்கைத் தரும். அதற்குப் பிறகும் முழுப் பாக்கிக்கும் நீங்களே பொறுப்பு. சரக்கின் மீது ஹைப்பாதிகேஷன் (சரக்கு உங்கள் கையிலேயே இருக்கும், அதன் மீது வங்கிக்கு உரிமை), உங்கள் சொந்த ஜாமீன் இரண்டையும் வங்கி வாங்கும். உத்தரவாதத்துக்குள் வரும் தொகைக்கு அப்பாவின் வீட்டையோ மூன்றாம் நபர் ஜாமீனையோ கேட்க முடியாது. ஆண்டுக் கட்டணம் உண்டு. பெரும்பாலும் அது உங்கள் தலையில்தான் விழும். விண்ணப்பம் வங்கி வழியாக மட்டுமே போகும் என்பதால், "நேரடியாக வாங்கித் தருகிறேன்" என்று கமிஷன் கேட்பவரை நம்ப வேண்டாம்.

முத்ரா உங்களுக்குப் போதாது. வழக்கமான வரம்பு 10 லட்சம். 20 லட்சம் வரையிலான தருண் பிளஸ், முந்தைய தருண் கடனை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு மட்டும். பிஎம்இஜிபி என்ற மத்திய அரசுத் திட்டத்தின் மானியமோ புதிதாகத் தொடங்குபவர்களுக்கு. ஆகவே "சிஜிடிஎம்எஸ்இ கவரில் கேஷ் கிரெடிட்" (சுருக்கமாக சிசி; வரம்புக்குள் தேவைப்படும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் கடன்) என்றே கேளுங்கள். கட்டிங் மெஷின் வாங்கும் எண்ணம் இருந்தால் அதற்குத் தனியாக டேர்ம் லோன் (தவணைக் கடன்) எடுங்கள். சிசி பணத்தில் மெஷின் வாங்கினால் அடுத்த லோடுக்குக் கையில் காசு இருக்காது.

தொகையை வங்கி எப்படிப் போடும்? எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 சதவீதம். 1.4 கோடி என்று காட்டினால் 28 லட்சம். நீங்கள் கேட்கும் 25 அதற்குள் அடங்கும். விற்பனையில் இன்னொரு 5 சதவீதம், அதாவது 7 லட்சம், உங்கள் சொந்தப் பணமாகத் தொழிலில் இருக்க வேண்டும். விண்ணப்பங்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கே அல்ல. ஜிஎஸ்டியில் 1.2 கோடி காட்டிவிட்டு, நடப்புக் கணக்கில் 60 லட்சம்தான் வரவாகியிருந்தால் மேலாளர் மூடிவைத்துவிடுவார். விண்ணப்பிப்பதற்கு ஆறு மாதம் முன்பிருந்தாவது வசூல் முழுவதும் ஒரே கணக்கில் வரட்டும்.

25 லட்சம் அனுமதியானாலும் முழுவதையும் எடுக்க முடியும் என்றில்லை. மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை (கையிருப்புச் சரக்கு, வர வேண்டிய பாக்கி விவரம்) பொறுத்தது அது. சரக்கு 32 லட்சம், சப்ளையருக்குக் கொடுக்க வேண்டியது 12 லட்சம் என்றால் கணக்கில் வருவது 20 லட்சம். அதில் 25 சதவீதம் மார்ஜின் (வங்கி கடன் தராமல் கழித்துக்கொள்ளும் பங்கு) போக 15. பட்டறைக்காரர்களிடம் நிற்கும் பாக்கியில் 90 நாள் தாண்டியதைப் பொதுவாகச் சேர்க்கமாட்டார்கள். மீதி 14 லட்சத்துக்கு 40 சதவீதம் மார்ஜின் வைத்தால் 8.4. ஆக மொத்தம் 23.4 லட்சம்தான் எடுக்கலாம்.

இரும்பில் இன்னொரு சிக்கல், எடை. 50×50×6 ஆங்கிள் பட்டியல்படி மீட்டருக்கு 4.5 கிலோ, 6 மீட்டர் நீளத்துக்கு 27. லைட் செக்‌ஷனாக (பட்டியலைவிட மெலிந்த ரகம்) வந்தால் 24 கிலோதான் நிற்கும். நீளத்தை எண்ணி 27-ஆல் பெருக்கி எழுதினால், 100 நீளத்துக்கு 300 கிலோ இல்லாத சரக்கு. ஸ்டாக் ஆடிட்டில் அது வெளியே வந்தால் வரம்பைக் குறைப்பார்கள், சந்தேகமும் ஒட்டிக்கொள்ளும். கொள்முதல் பில்லையும் எடைமேடைச் சீட்டையும் வைத்தே எழுதுங்கள். விலை இறங்கினால், வாங்கிய விலை, சந்தை விலை இரண்டில் குறைந்ததைப் போடுங்கள்.

வாங்கி விற்பவர் என்ற வகையில் உத்யம் உங்களுக்கு முன்னுரிமைக் கடனுக்குத்தான் (குறிப்பிட்ட துறைகளுக்கு வங்கிகள் கட்டாயம் ஒதுக்க வேண்டிய கடன்) உதவும். சரக்கு வாங்கியவர் 45 நாளில் பாக்கி தர வேண்டும் என்ற சட்டப் பாதுகாப்பு கிடைக்காது. கடன் நாட்களை நீங்களே இறுக்கிப் பிடிக்க வேண்டியதுதான்.

கிளையில் மறுபடியும் வீட்டையே கேட்டால், விண்ணப்பத்தை ஒப்புகைச் சீட்டுடன் கொடுத்து, மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு வங்கியின் மண்டல அலுவலகத்துக்குப் போகலாம்.