சீட்டு கொடுப்பவர் யார்?

கேள்வி: இட ஒதுக்கீடு என்று வந்துவிட்டால் திறமை பின்னுக்குப் போய்விடாதா? பெண் என்பதற்காகவே ஒருவரை வேட்பாளராக நிறுத்துவது சரியா?

பதில்: மாதத்துக்கு ஒருவராவது இதைக் கேட்டுவிடுகிறீர்கள். இப்போது பதவியில் இருக்கும் ஆண்களெல்லாம் பரீட்சை எழுதித் தேறி வந்தவர்களா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. சரி, ஸ்வீடனில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே சமூக ஜனநாயகக் கட்சி 1993-இல் ஒரு முடிவெடுத்தது. வேட்பாளர் பட்டியலில் ஓர் ஆண், ஒரு பெண், மறுபடி ஓர் ஆண் என்று ஜிப் பல் மாதிரி மாறி மாறித்தான் பெயர்கள் வர வேண்டும். வெகுநாள் கழித்துப் பொருளாதார ஆய்வாளர்கள் அந்தக் கட்சியின் உள்ளாட்சி உறுப்பினர்களை அலசினார்கள். பெண்களின் தரம் குறைந்திருக்கவில்லை, ஆண்களின் தரம் கூடியிருந்தது! இடம் குறைந்ததும் நடையைக் கட்டியவர்கள் சுமாரான ஆண்கள், அதிலும் குறிப்பாகத் தலைமை நாற்காலியில் இருந்த சுமாரானவர்கள். தலைவர் சுமாராக இருந்தால் தன்னைவிடக் கெட்டிக்காரரைப் பக்கத்தில் சேர்க்க அவருக்குப் பயம், அதனால் பட்டியல் முழுக்கச் சுமாராகவே இருக்கும். அந்தச் சங்கிலிதான் அறுந்தது.

கேள்வி: ஒரு நாட்டைப் பெண் ஆண்டால் அங்கே மற்ற பெண்களும் மேலே வந்துவிடுவார்கள்தானே?

பதில்: வந்திருக்க வேண்டும், வரவில்லை. உலகின் முதல் பெண் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க 1960-இல் பதவியேற்றார். ஆனால் 2024 தேர்தல் வரைக்கும் இலங்கை நாடாளுமன்றத்தில் பெண்கள் 10 சதவீதத்தைத் தொட்டதே இல்லை. மார்கரெட் தாட்சர் 11 வருடம் பிரிட்டனை ஆண்டார், அவருடைய கேபினட்டில் அவரைத் தவிர இடம்பெற்ற பெண் ஒரே ஒருவர், அவரும் இரண்டு வருடத்துக்குள் போய்விட்டார். நார்வேயில் க்ரோ ஹார்லெம் ப்ருண்ட்லாண்ட் 1986-இல் அமைச்சரவை அமைத்தபோது தன்னையும் சேர்த்து 18 பேரில் 8 பேர் பெண்கள். அவர் தனியாக மேலே வந்தவர் அல்லர், அதற்குள் அங்கே கட்சிகள் தங்களுக்குள்ளேயே ஒதுக்கீடு கொண்டுவந்திருந்தன. உச்சியில் ஒருவர் இருப்பது வேறு, கீழே இருந்து வரிசையாக ஆட்கள் ஏறி வருவது வேறு.

கேள்வி: சட்டம் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் என் தோழி. சட்டத்தில் ஓட்டை தேடுவார்கள் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேருமே. மெக்சிகோவில் ஒதுக்கீட்டுச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. அங்கே ஒவ்வொரு வேட்பாளரோடும் ஒரு மாற்று வேட்பாளரின் பெயரும் சேர்ந்தே அறிவிக்கப்படும், உறுப்பினர் விலகினாலோ லீவில் போனாலோ அவர் வந்து உட்காரலாம். 2009 தேர்தல் முடிந்து செப்டம்பரில் அவை கூடியது. புதிய பெண் உறுப்பினர்கள் கை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள், எடுத்த கையோடு சிலர் காலவரையற்ற லீவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்த நாற்காலிகளில் ஆண்கள் வந்து உட்கார்ந்தார்கள், சில இடங்களில் கணவரோ சகோதரரோ. இந்தப் பெண்களுக்கு 'ஹுவானிட்டா' என்று பெயர் வைத்துக் கிண்டலடித்தார்கள். அதே வருடம் மெக்சிகோ சிட்டியில், ஜெயித்தால் பதவியை வேறொருவருக்கு விட்டுக்கொடுப்பதாகச் சொல்லி நின்றவரின் பட்டப்பெயர் ஹுவானிட்டோ, அதிலிருந்து வந்தது. வேடிக்கை என்னவென்றால், அவர் ஓர் ஆண், விட்டுக்கொடுப்பதாகச் சொன்னதோ ஒரு பெண்ணுக்கு!

இது இத்தோடு முடிந்திருந்தால் நீங்கள் ஜெயித்தீர்கள். ஆனால் பல கட்சிப் பெண்கள் ஒன்றுசேர்ந்து வழக்குப் போட, பெண்ணுக்கு மாற்றாகப் பெண்தான் இருக்க வேண்டும் என்று 2011-இல் தேர்தல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2014-இல் வேட்பாளர்களில் பாதிப்பேர் பெண்கள் என்று அரசமைப்பிலேயே எழுதினார்கள். 2021-இல் கீழவையின் 500 இடங்களில் 250 பெண்களுக்கு வந்தது. அப்புறம் 2024-இல் கிளாடியா ஷீன்பாம் என்ற பெண் அதிபரானார். ஓட்டையை அடைக்க ஆள் இருந்தால் சட்டம் வேலை செய்கிறது. பிரான்ஸில் ஆண்களையும் பெண்களையும் சமமாக நிறுத்த வேண்டும் என்று 2000-இல் சமநிலைச் சட்டம் வந்தும், அடுத்த நாடாளுமன்றத் தேர்தலில் பெரிய கட்சிகள் அரசு நிதியில் வெட்டு விழுந்தாலும் பரவாயில்லை என்று ஆண்களையே அதிகம் நிறுத்தின. பணம் இருப்பவனுக்கு அபராதமும் ஒரு கட்டணம்தான்.

கேள்வி: வீட்டையும் பார்த்துக்கொண்டு அரசியலிலும் இருக்கப் பெண்களால் முடியுமா?

பதில்: இந்தக் கேள்வியை ஆண் வேட்பாளரிடம் கேட்ட நிருபர் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். வேலையிடமும் அவர்களை நினைத்துக் கட்டப்பட்டதில்லை. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை அரங்கை ஒட்டிப் பெண்களுக்குக் கழிப்பறை வந்தது 2011-இல்தான்.

கேள்வி: ஒரு கட்சியில் ஆறு வருடமாக உழைக்கிறேன். தேர்தலில் நிற்க ஆசை. கேட்டால் 'அடுத்த முறை பார்க்கலாம்மா' என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: அடுத்த முறை என்று ஒன்று கிடையாதும்மா. உங்கள் கட்சியில் பெயர்களை எழுதுவது எந்தக் குழு, அதில் எத்தனை பெண்கள் என்று முதலில் விசாரியுங்கள். நிற்கக் கேட்பதற்கு முன்னால் அந்தக் குழுவில் இடம் கேளுங்கள், தனியாகப் போகாமல் நாலு பேராகப் போய்க் கேளுங்கள், எழுத்தில் கொடுங்கள். பதிலுக்கு மகளிர் அணியில் ஏதாவது பொறுப்புத் தருகிறோம் என்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் நிதிக் குழுவையும் சேர்த்துக் கேளுங்கள், ஜெயிக்க முடியாத தொகுதியைத் தலையில் கட்டினால் பிரசாரச் செலவுக்கு யார் பொறுப்பு என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.