லாபியிங்கும் நாமும் – ஒரு கடிதம்

அண்ணா வணக்கம். சிப் கம்பெனிங்க அமெரிக்கால பண்ற லாபியிங் பத்தி, அதாவது ரூல தங்களுக்கு சாதகமா மாத்த அரசுகிட்ட பேசறது பத்தி, தொடர்ந்து எழுதுறீங்க. அவங்க ஊர் கம்பெனி அவங்க கவர்மென்ட்கிட்ட பேசுது, தண்டையார்பேட்டைல கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வெச்சிருக்கற எனக்கு இதுல என்னண்ணா? ஏஐக்கு ரூல் போட்டா வளர்ச்சி நின்னுடும்னு அவங்க சொல்றதும் நியாயமாத்தான படுது?

— ஒரு வாசகர்

தம்பி,

2025 ஜனவரில பைடன் அரசு போற நேரத்துல ஏஐ சிப் எந்த நாட்டுக்கு எவ்ளோ போலாம்னு உலகத்தையே மூணா பிரிச்சு ஒரு ரூல் போட்டுச்சு. இந்தியா ரெண்டாவது வரிசை, அதாவது நமக்கு வர்ற சிப்புக்கு உச்சவரம்பு. ஏஐ சிப் செய்யற அமெரிக்க கம்பெனி என்விடியா வெளிப்படையாவே எதிர்த்துச்சு, மே மாசம் அமலுக்கு வர ரெண்டு நாள் இருக்கும்போது ட்ரம்ப் அரசு வாபஸ் வாங்கிடுச்சு. நமக்கு நல்லதுதான், ஆனா போட்டப்பவும் சரி எடுத்தப்பவும் சரி நம்மள யாரும் ஒரு வார்த்த கேக்கல.

வளர்ச்சி நின்னுடும்ங்கறீங்க, ஆனா ரூல் போட்டும் கம்பெனி நிக்கல, வேற வழிதான் தேடுச்சு. சீனாவுக்கு பெரிய சிப் விக்கக்கூடாதுன்னு 2022 அக்டோபர்ல அமெரிக்க அரசு ரூல் போட்டுச்சு, உடனே என்விடியா வேகம் கொறச்ச சிப் செஞ்சு வித்துச்சு, 2023ல அரசு அதையும் தடுத்துச்சு, அப்புறம் எச்20ன்னு ஒண்ணு வந்துச்சு, 2025 ஏப்ரல்ல அதுக்கும் லைசென்ஸ் வேணும்னாங்க, ஜூலைல என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் ட்ரம்ப்ப பாத்துட்டு வந்த சில நாள்லயே திரும்ப விக்கலாம்னு ஆகி, ஆகஸ்ட்ல அந்த வருமானத்துல 15 சதவீதம் அரசுக்குன்னு பேசி முடிச்சாங்க. நாட்டு பாதுகாப்புக்குன்னு போட்ட ரூலுக்கு பேரம் பேசுனா அத எப்படி நம்பறது?

ஆனாலும் அமெரிக்கால 1995லருந்தே ஒரு சட்டம் இருக்கு, லாபியிங்குக்கு எவ்ளோ செலவு பண்ணாங்கன்னு இப்போ மூணு மாசத்துக்கு ஒருக்கா கணக்கு காட்டணும், யார் வேணா பாக்கலாம். இங்க அப்படி சட்டமே இல்ல. 2025 ஜனவரில டேட்டா பாதுகாப்பு விதிகளோட வரைவுக்கு கருத்து கேட்டப்போ, வர்ற கருத்தெல்லாம் வெளியிட மாட்டோம்னு எழுதியே போட்டாங்க. யார் எந்த வரிய மாத்த சொன்னாங்கன்னு நமக்கு தெரியவே தெரியாது.

எண்ணூர் பக்கம் ஒரு ஆலை வருதுன்னா கருத்துக்கேட்பு கூட்டம் நடக்கும்ல? கம்பெனிக்காரங்க முன்னாடி உக்காந்திருக்க, மீனவப் பொம்பளைங்க மைக்க வாங்கி ஆத்துல எறா போச்சு, வலையெல்லாம் சாம்பலா வருதுன்னு சொல்லுவாங்க. அந்தப் பேச்ச எழுதி, கூட்டம் கலையறதுக்குள்ள தமிழ்ல வாசிச்சு காட்டணும்னு 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைலயே இருக்கு. அதையே ஒழுங்கா செய்யறதில்லன்னு நாம சண்ட போடறோம், ஆனா கேள்வி கேக்க ஒரு எழுத்தாச்சும் இருக்கு. ஏஐ, டேட்டா ரூலுக்கு அதுகூட இல்லாம இருக்கறத என்னால ஏத்துக்கவே முடியல.

கம்பெனி பேசட்டும், தப்பே இல்ல. பேசுனது வெளிய தெரியணும். அடுத்த வரைவு வரும்போது நீங்களும் எழுதுங்க தம்பி, கடைக்காரரா உங்களுக்கு என்ன வேணும்னு எழுதிட்டு, கூடவே வந்த எல்லா கருத்தையும் வெளியிடுங்கன்னு ஒரு வரி சேத்துடுங்க.