ஏ லெவலில் டிசைன் படிக்கும் மகளுக்காகச் சீட்டைக் கழித்து எடுக்கலாமா?

கேள்வி: லண்டன் ஹரோவில் இருக்கிறோம். எனக்கும் மனைவிக்கும் சேர்த்து வருட வருமானம் 48,000 பவுண். 2009 மார்ச்சில் பிறந்த மூத்த மகள் இந்த 2025 செப்டெம்பரில் ஏ லெவல் படிக்க சிக்ஸ்த் ஃபோம் கல்லூரிக்குப் போகிறாள். புரொடக்ட் டிசைன், கிராஃபிக் கம்யூனிகேஷன், கணிதம் மூன்றும்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். உயிரியலும் இரசாயனமும் படித்தால் நல்லது என்பது என் எண்ணம். டிசைன் என்றால் மாக்புக், 3டி பிரிண்டர் எல்லாம் தேவையாம். என்னிடம் 10,000 பவுண் சீட்டு ஒன்று இருக்கிறது, முடிய இன்னும் ஒரு வருடம். 1,800 கழித்து இப்போதே எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். பொறுத்திருந்தால் வரும் 10,000க்குப் பதிலாக இன்று 8,200 வாங்குவது, ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய 22 வீத வட்டிக்குக் கடன் படுவதற்குச் சமம். கிரெடிட் கார்டில் வாங்குவதும் இதுவும் ஒன்றுதான். சீட்டை நடத்தும் தாச்சி மேல் நம்பிக்கை குறைந்துவிட்டது என்றால் அது வேறு கதை. நண்பர்களுக்குள் போடும் சீட்டுக்கு வங்கி வைப்புக்கு இருப்பது போன்ற அரச பாதுகாப்பு கிடையாது, அப்போது கழித்து எடுப்பதுதான் புத்தி. ஆனால் நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை.

எப்படியும் இந்த இரண்டு வருடத்துக்கு அவ்வளவு காசு தேவைப்படாது. அரச நிதியில் நடக்கும் சிக்ஸ்த் ஃபோம் கல்லூரியில் படிப்புக் கட்டணமும் இல்லை, முதல் தடவை எழுதும் தேர்வுக்குக் கட்டணமும் இல்லை. லண்டனில் இருப்பதால் 16+ சிப் ஒய்ஸ்டர் என்ற பயண அட்டை எடுத்தால் பஸ் இலவசம். கையை விட்டுப் போவது மார்க்கர், மவுண்ட் போர்ட், அச்சு, மரம், அக்ரிலிக் மாதிரியான பொருட்களுக்குத்தான். அதிலும் வீட்டு வருமானம் குறைந்தவர்களுக்கு 16-19 பேர்சரி என்ற உதவி நிதி உண்டு. யாருக்கு எவ்வளவு என்பதைக் கல்லூரியே தீர்மானிக்கிறது. உங்கள் வருமானத்துக்குக் கிடைப்பது கடினம், ஆனாலும் கேட்பதில் நட்டம் இல்லை.

3டி பிரிண்டர் வேண்டவே வேண்டாம். புரொடக்ட் டிசைன் ஏ லெவலில் பாதி மதிப்பெண் மாணவர் செய்து காட்டும் செயல்திட்டத்துக்குத்தான், கிராஃபிக் பாடத்தில் 60 வீதம் தனி ஆய்வுக் கோப்புக்கு. இரண்டையும் பிள்ளைதான் செய்தாள் என்று ஆசிரியர் கையெழுத்திட வேண்டும். வீட்டில் இரவோடு இரவாக அச்சடித்துக் கொண்டுபோன மாதிரியை அவர் எப்படி உறுதிப்படுத்துவார்? பட்டறையும் லேசர் கட்டரும் கல்லூரியில் இருக்கின்றன, அங்கே செய்வதுதான் அவளுக்கும் நல்லது. லாப்டாப் தேவைதான், ஆனால் செப்டெம்பர் கடைசி வரை பொறுங்கள். அடொபி டிசைன் மென்பொருளின் உரிமத்தை வீட்டுக் கணினிக்கும் தருகிறார்களா என்று முதலில் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். 3டி மென்பொருட்களில் ஆட்டோடெஸ்க் ஃபியூஷன் மாணவர்களுக்கு இலவசம், பிளெண்டர் எல்லோருக்கும் இலவசம். இவற்றுக்கு நல்ல நினைவகம் உள்ள விண்டோஸ் லாப்டாப் போதும். மாக்புக் கேட்பதில் பாதி ஆசை, பாதி தோழிகள். அந்த ஆசையில் பிழையில்லை, ஆனால் சீட்டுக் காசில் வேண்டாம்.

இனிப் பாடத் தெரிவுக்கு வருவோம், காசு உண்மையில் அங்கேதான் இருக்கிறது. டிசைன் பட்டத்துக்கு முன் பலர் ஒரு வருடம் ஆர்ட் ஃபவுண்டேஷன் டிப்ளோமா படிப்பார்கள். இங்கிலாந்தில் அந்தப் படிப்புத் தொடங்கும் வருடம் ஆகஸ்ட் 31இல் 19 வயது ஆகாதவருக்கு அது இலவசம். உங்கள் மகள் 2027இல் ஏ லெவல் முடிக்கும்போது அவளுக்கு 18, எனவே இலவசமாகப் போகலாம். நீங்கள் சொன்னதற்காக உயிரியலில் சேர்ந்து, அடுத்த கோடையில் மனம் மாறி முதல் வருடத்தை மறுபடி தொடங்கினால் முடிப்பது 2028இல், அப்போது 19. இலவசம் போய்விடும். இதே பெயர் மாதிரி இருக்கும் பல்கலைக்கழக ‘ஃபவுண்டேஷன் இயர்’ வேறு, அதற்குக் கட்டணம் உண்டு, மாணவர் கடன் ஏறும். ஓப்பன் டே போகும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கணிதத்தை அவளே எடுத்திருக்கிறாள் என்பதுதான் உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி. கணிதம் இருந்தால் கலைப்பக்க டிசைனோடு புரொடக்ட் டிசைன் இன்ஜினியரிங் கதவும் திறந்திருக்கும். அக்ஸ்பிரிட்ஜில் புரூனல் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஹரோ ஒன் த ஹில்லில் மெட்ரோபொலிட்டன் ரயில் ஏறினால் போய்விடலாம், வாடகை மிச்சம்.

பட்டப்படிப்புக்கு எடுக்கும் மாணவர் கடனைப் பற்றிப் பயம் இருக்கலாம். 2025-26இல் வருடக் கட்டணம் 9,535 பவுண். கேட்கத் தலை சுற்றும், ஆனால் திருப்பிக் கட்டுவது சம்பளம் 25,000ஐத் தாண்டிய பகுதியில் 9 வீதம்தான். 28,000 சம்பளம் என்றால் மாதம் 22 பவுண் 50 பென்ஸ். 40 வருடத்தில் மிச்சம் தள்ளுபடி. ஆகவே சீட்டு முடிந்து வரும் 10,000ஐக் கட்டணத்துக்குக் கொடுக்காமல், வாழ்க்கைச் செலவுக்கு வைத்திருங்கள். வாழ்க்கைச் செலவுக்கான கடன் பெற்றோர் வருமானத்தைப் பார்த்துத்தான் தருவார்கள், உங்களுக்கு முழுத்தொகை வராது. துண்டு விழுவது அங்கேதான். இதெல்லாம் உங்கள் குடும்பத்துக்கு நிரந்தர வதிவிடமோ குடியுரிமையோ இருக்கிறது என்ற கணக்கில் எழுதுவது. வேலை விசாவில் இருந்தால் மறுபடி எழுதுங்கள், கணக்கு முற்றிலும் மாறும்.

இந்த ஆகஸ்ட் மாதம் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. மகள் தொடர்ந்து படிக்கிறாள் என்று ஆகஸ்ட் 31க்குள் வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சிக்கு ஒன்லைனில் சொல்லாவிட்டால் அவளுக்கான சைல்ட் பெனிஃபிட் என்ற அரச உதவிப்பணம் நின்றுவிடும். 2025-26இல் மூத்த பிள்ளைக்கு வாரம் 26.05 பவுண், வருடத்துக்கு 1,350க்கு மேல். ஜி.சி.எஸ்.ஈ முடிவு வரும் 21ஆம் திகதி பரபரப்பில் இதை மறந்துபோன வீடுகள் எனக்குத் தெரியும்.

அவள் 2009இல் பிறந்ததால் பெரும்பாலும் அவள் பெயரில் சைல்ட் ட்ரஸ்ட் ஃபண்ட் என்ற சேமிப்புக் கணக்கு ஒன்றும் இருக்கும். அரசாங்கம் அப்போது 250 பவுண் வவுச்சர் அனுப்பியது, நீங்கள் திறக்காவிட்டால் அவர்களே திறந்திருப்பார்கள். எங்கே இருக்கிறது என்று அரச இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம், தேடித் தருகிறோம் என்று காசு கேட்கும் ஆட்களிடம் போகாதீர்கள். 16 வயதானதால் கணக்கை அவளே பொறுப்பெடுக்கலாம், 2027 மார்ச்சில் காசையும் எடுக்கலாம். அதை மாக்புக்குக்குச் செலவழிப்பதா இல்லையா என்பது சட்டப்படி அவள் முடிவு, உங்கள் முடிவல்ல.