படுகையில படர்ந்திருக்கிற கொடி சீந்திலா? மாமனாருக்கு கஷாயம் கொடுக்கலாமா?

கேள்வி: பாபநாசம் பக்கம் எங்க ஊர் வாய்க்கால் படுகையில, மூங்கில் குத்துக்கு அடியில நிழல்லயே ஒரு கொடி படர்ந்து கிடக்கு டாக்டர். சீந்தில்னு யாரோ சொல்லி மாமனார் சுகருக்காக மூணு வாரமா கஷாயம் வச்சு குடிக்கிறார், மாத்திரையும் போடுறார். ரெண்டு போட்டோ அனுப்பியிருக்கேன். குடிக்கலாமா?

பதில்: கஷாயத்தை இன்னைக்கே நிறுத்திடுங்கம்மா. சுகர் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

சீந்தில்னா இலை இதய வடிவத்துல அகலமா இருக்கும், முத்துன தண்டுல தோல் தாள் தாளா உரியும், மேலேருந்து நூல் நூலா வேர் தொங்கும், பழம் பட்டாணி சைஸ்ல சிவப்பா இருக்கும். உங்க போட்டோவுல இலை நீளவாக்குல இருக்கு, காஞ்ச காய் காம்புப் பக்கம் வெடிச்சு ஆறு நூல்ல உறி மாதிரி தொங்குது. ரெண்டாவது போட்டோவை பெருசு பண்ணி பார்த்தா இலையில ஒரு கம்பளிப்பூச்சி, கருத்த உடம்புல சிவப்பு முள்ளு, நடுவுல வெள்ளைப் பட்டை, அந்தப் பூச்சி தின்கிறது கருடக்கொடி குடும்பத்து கொடியைத்தான். அதனால இது கருடக்கொடின்னுதான் நினைக்கிறேன், ஈஸ்வரமூலி, பெருமருந்துன்னும் சொல்வாங்க. தண்டை வெட்டி உள்ள சக்கரம் தெரியுதான்னு பார்த்து முடிவு பண்ணாதீங்க, ரெண்டுலயும் தெரியும்.

இதுல அரிஸ்டோலோக்கிக் ஆசிட்னு ஒண்ணு இருக்கு, கொதிக்க வச்சாலும் போகாது, கிட்னியை கெடுக்கும், மூத்திரப் பாதையில கேன்சர் வர வைக்கும்னும் உறுதியாயிருக்கு. 1990கள்ல பெல்ஜியத்துல உடம்பு இளைக்கிற மாத்திரையில இதே இனத்து செடி கலந்துபோய் நூறு பேருக்கு மேல கிட்னி பாதிச்சுது. வலி, வீக்கம் எதுவும் இல்லாமலே உள்ள கெட்டுக்கிட்டிருக்கும், அதுதான் எனக்கு பயம். மாமனார் நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னாலும் விடாதீங்க, ரத்தத்துல கிரியாட்டினினும் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற டெஸ்ட்) யூரின் டெஸ்ட்டும் இந்த வாரமே எடுங்க, நார்மலா வந்தாலும் சில மாசம் கழிச்சு திரும்ப பார்க்கணும்.

பாம்பு வராதுன்னு நம்ம பக்கம் இதை வேலியில விட்டு வைப்பாங்க, இருந்துட்டு போகட்டும், ஆனா பாம்பு கடிச்சா இந்த வேரை அரைச்சுக் குடுத்துக்கிட்டு நேரத்தை விடாம நேரா ஜி.எச்சுக்கு ஓடுங்க, விஷமுறிவு ஊசி அங்கதான் இருக்கு.

அப்போ நிஜ சீந்தில் குடிக்கலாமான்னு அடுத்து கேப்பீங்க. கொரோனா சமயத்துல சீந்தில் குடிச்ச சிலருக்கு கல்லீரல் பாதிச்சதை மும்பை டாக்டர்கள் 2021ல எழுதியிருக்காங்க, சுகர் மாத்திரையோட சேர்ந்தா சுகர் ரொம்ப இறங்கவும் வாய்ப்பிருக்கு, அதனால அதுவும் அவருக்கு வேண்டாம்னுதான் சொல்வேன்.

டாக்டரைப் பார்க்கப் போறப்போ கொடியில இலையும் காயுமா ஒரு துண்டு ஒடிச்சு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, எத்தனை நாள், ஒரு வேளைக்கு எவ்வளவு குடிச்சார்னு சரியா சொல்லுங்க.