வளவு தாண்டி வராத வைஃபை

கேள்வி: எங்க வீடு செட்டிநாட்டுல கானாடுகாத்தான் பக்கம், பழைய வீடு. ரவுட்டர் முகப்புல இருக்கு, அங்க போன்ல நெட் நல்லா வருது. வளவு, அதான் நடு முற்றம், அதத் தாண்டி ரெண்டாங்கட்டு ரூம்ல என் லேப்டாப்ல வைஃபை கனெக்ட் ஆகுது, ஆனா 'நோ இன்டர்நெட்'னு காட்டுது. அப்பச்சி வேற லேப்டாப் வாங்கிக்கலாம்னு சொல்றாக. வாங்கலாமா? (ஒரு வாசகி)

பதில்: வேணாம்மா, அப்பச்சிய கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க. முதல்ல போன்ல மொபைல் டேட்டாவ ஆஃப் பண்ணிட்டு வைஃபை மட்டும் வச்சுப் பாருங்க, பல வீட்ல சிம் நெட்டுல ஓடுறத வைஃபைன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. அப்புறம் லேப்டாப்பத் தூக்கிட்டு முகப்புக்குப் போய் ரவுட்டர் பக்கத்துலயே உக்காந்து பாருங்க. அங்கயும் வரலைன்னா விண்டோஸ்ல கமாண்ட் பிராம்ப்ட்னு தேடித் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig)னு அடிங்க. ஐபி நம்பர், அதான் நெட்வொர்க்ல லேப்டாப்போட விலாசம், 169.254னு ஆரம்பிச்சா ரவுட்டர் நம்பரே குடுக்கல, கம்ப்யூட்டர் தானா ஒண்ண போட்டுக்கிச்சுன்னு அர்த்தம். ரவுட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, லேப்டாப்ல அந்த வைஃபை பேர ஃபர்கெட் குடுத்து பாஸ்வேர்ட மறுபடி போடுங்க, பெரும்பாலும் சரியாயிடும்.

முகப்புல நல்லா ஓடுச்சுன்னா லேப்டாப் மேல குத்தமே இல்ல, சுவருதான். நம்ம ஊர்ப் பக்கம் இருக்குற பழைய வீட்டு செங்கல் சுண்ணாம்புச் சுவரு கனத்துக்கு முன்னாடி சிக்னல் என்ன பண்ணும் பாவம். பல ரவுட்டர்ல ரெண்டு வைஃபை பேரு தெரியும், 5ஜின்னு முடியுறது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, சிம்ல வர்ற 5ஜி இல்ல அது. வேகம் ஜாஸ்தி ஆனா சுவத்துல சீக்கிரம் அடங்கிடும், இன்னொரு பேரு 2.4 கிகாஹெர்ட்ஸ், அதுதான் உள்ள வரைக்கும் வரும், அதுல கனெக்ட் பண்ணிப் பாருங்க. ரவுட்டர இரும்பு பீரோ, பெரிய நிலைக்கண்ணாடி பக்கத்துல வைக்காதீங்க, வளவப் பாத்து திறந்திருக்குற நிலைவாசல் பக்கமா ஒசரத்துல வைங்க, வளவு வெட்டவெளிதான, அது வழியா கொஞ்சம் உள்ள வரும்.

சிக்னல வாங்கித் திருப்பி அனுப்புற ரிப்பீட்டர் வாங்குனா, அத ரெண்டாங்கட்டு ரூமுக்குள்ளயே மாட்டிராதீங்க, செத்த சிக்னல அது என்னத்த திருப்பிக் குடுக்கும்? வளவு தூண் பக்கம், சிக்னல் இன்னும் நல்லா இருக்குற எடத்துல வைங்க. என்னக் கேட்டா ரவுட்டர்ல இருந்து ஒரு கேட்6 நெட் கேபிள் இழுத்து உள்ள ஒரு ஆக்சஸ் பாயிண்ட், அதான் கேபிள்ல வர்ற நெட்ட வைஃபையா குடுக்குற பெட்டி, வச்சுடுறதுதான் நல்லது, கேபிள் 100 மீட்டர் வரைக்கும் தாராளமா போகும். ஆனா கேபிள் போட வர்ற பையன் டிரில்லத் தூக்கிட்டு நின்னா விடாதீங்கம்மா, அந்தப் பழைய சுண்ணாம்புப் பூச்சு பேந்துச்சுன்னா அதே மாதிரி பூச இப்ப ஆள் கிடைக்கிறது கஷ்டம். கரண்ட் வயர் போக ஏற்கனவே போட்ட ஓட்டை இருக்கும், அது வழியா, ஆனா கரண்ட் வயர ஒட்டாம தனி பைப்புல கொண்டுபோகச் சொல்லுங்க.