ஆதார் ஜெராக்ஸ் போனால் போகட்டும், கட்டைவிரலைப் பூட்டுங்கள்

கேள்வி: போன மாதம் திருச்சியில் ஒரு லாட்ஜிலும், பிறகு சிம் வாங்கிய மொபைல் கடையிலும் ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தேன். மொபைல் கடைக்காரர் "சரியா விழல" என்று சொல்லி இரண்டு முறை போட்டோ எடுத்தார், இரண்டு முறை விரலும் வைக்கச் சொன்னார். ஆதார் நம்பர் கிடைத்தாலே பேங்க் பணத்தை உருவிவிடுவார்கள் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். 1,500 ரூபாய் கொடுத்தால் ஆதாரை "பிளாக்" செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார். என் அம்மாவுக்கு முதியோர் பென்ஷன் வருகிறது, ரேஷனும் அவர்தான் வாங்குகிறார். அரசாங்கம் நாம் போகிற இடமெல்லாம் ஆதார் மூலம் பார்க்கிறதா என்ற சந்தேகமும் உண்டு. நான் என்ன செய்யவேண்டும்? — வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: முதலில் அந்த 1,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள். அவர் செய்யப்போவதாகச் சொல்லும் வேலையை ஐந்து நிமிடத்தில் நீங்களே இலவசமாகச் செய்யலாம். ஏற்கெனவே அவருக்கு ஓ.டி.பி. சொல்லியிருந்தால், என்னென்ன செய்திருக்கிறார் என்று பார்க்கும் வழி கீழே இருக்கிறது.

ஜெராக்ஸ் தாளை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து யாரும் பணம் எடுக்க முடியாது. பணம் எடுக்க ஆதார் எண், வங்கியின் பெயர், உங்கள் விரல் ஆகிய மூன்றும் சேரவேண்டும். கிராமங்களில் கையில் சின்ன மிஷினுடன் "கைரேகை வெச்சு பணம் எடுக்கலாம்" என்று உட்கார்ந்திருக்கும் வங்கி முகவர் பயன்படுத்துவது இந்த முறையைத்தான். இதற்கு ஓ.டி.பி. வராது, ஏ.டி.எம். கார்டும் பின் நம்பரும் தேவையில்லை. ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைத்திருந்தால், பல வங்கிகளில் நீங்கள் கேட்காமலேயே இந்தக் கதவு திறந்திருக்கும். கூலி வேலை செய்பவருக்கு வசதியான ஏற்பாடுதான். ஆனால் வேண்டாதவர்களுக்கும் ஏன் திறந்து வைத்தார்கள் என்ற கேள்விக்கு ஒழுங்கான பதில் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. இந்த முகவர்களை வங்கிகள் முறையாக விசாரித்துத்தான் சேர்க்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி விரிவான விதி போட்டதே 2025 ஜூனில்தான். அது நடைமுறைக்கு வந்தது 2026 ஜனவரி 1-ல்.

ஆகவே உங்கள் கதையில் நான் கவலைப்படுவது ஜெராக்ஸைப் பற்றி அல்ல, இரண்டாவது முறை வைத்த விரலைப் பற்றி. ரப்பரில் ரேகை அச்சு எடுத்து ஏமாற்றுவதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். 2018-ல் தெலங்கானாவில் பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகைகளை நகல் எடுத்து ஒருவர் சிம் கார்டுகளை இயக்கிய வழக்கு வந்தது. 2023-ல் ஆதார் ஆணையம் உயிருள்ள விரலா, அச்சா என்று சோதிக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகு அந்த வித்தை முன்போல எளிதல்ல. இப்போதும் நடக்கும் திருட்டுக்குத் தொழில்நுட்பமே தேவையில்லை. "சர்வர் டவுன், மறுபடி வையுங்க" என்ற ஒரு வாக்கியம் போதும். முதல் விரலுக்கே பணம் எடுத்தாகிவிட்டிருக்கும், இரண்டாவது விரலுக்கு இன்னொரு தொகை போகும். பேலன்ஸ் பார்க்கிறேன் என்று சொல்லிப் பணம் எடுப்பதும் உண்டு.

இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். விரல் வைக்கும் முன் மிஷின் திரையில் என்ன தொகை இருக்கிறது என்று பார்க்கவேண்டும். முதல் முயற்சி தோற்றுவிட்டது என்று சொன்னால், தோல்வி என்று அச்சான சீட்டைக் கேட்டு வாங்கவேண்டும். சீட்டு தராதவரிடம் இரண்டாவது விரல் வைக்கக்கூடாது. திரையை வாசிக்கத் தெரியாதவர்கள் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போகட்டும்.

இனி பூட்டு. ஆதார் ஆணையத்தின் "மை ஆதார்" தளத்துக்குப் போங்கள். முகவரி "யு.ஐ.டி.ஏ.ஐ. டாட் கவ் டாட் இன்" என்று முடிகிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். கூகுளில் தேடி முதலில் வரும் விளம்பரத்தை அழுத்தாதீர்கள். ஆதார் எண்ணும் ஓ.டி.பி.யும் கொடுத்து உள்ளே போனால் பயோமெட்ரிக் லாக் என்ற கட்டம் இருக்கும். அதை அழுத்தி ஒப்புதல் கொடுத்தால் விரல் ரேகை, கண் கருவிழி, முகம் மூன்றும் பூட்டப்படும். அதன்பின் உங்கள் விரலை எந்த மிஷினில் வைத்தாலும் 330 என்ற பிழை எண்தான் வரும். ஓ.டி.பி. மூலம் செய்யும் வேலைகள் எல்லாம் வழக்கம்போல நடக்கும். வருமான வரிக் கணக்கு, டிஜிலாக்கர் எதுவும் தடைபடாது. பூட்டியதால் உங்கள் ஆதார் செல்லாமல் போகாது.

விரல் தேவைப்படும் நாளில் அதே கட்டத்தில் தற்காலிகத் திறப்பு என்பதைத் தேர்ந்தெடுங்கள். பத்து நிமிடம் திறந்திருக்கும், பிறகு தானே பூட்டிக்கொள்ளும். நிரந்தரத் திறப்பு என்று இன்னொன்றும் அங்கேயே இருக்கும். அவசரத்தில் அதை அழுத்திவிட்டு மறந்துபோகிறவர்கள் நிறைய. எல்லோருக்கும் பூட்டியே கொடுத்து, வேண்டியவர் திறந்துகொள்ளட்டும் என்றுதான் இதை வடிவமைத்திருக்கவேண்டும். திறந்து போட்டுவிட்டு "விழிப்புடன் இருங்கள்" என்று குறுஞ்செய்தி அனுப்புவதில் யாருக்கு என்ன பயன்?

இதெல்லாம் நடக்க, ஆதாரில் உங்கள் மொபைல் எண் சரியாகப் பதிந்திருக்கவேண்டும். அதே தளத்தில் ஆதார் சரிபார்ப்புப் பகுதியில் எண்ணைப் போட்டால், இணைந்துள்ள மொபைலின் கடைசி மூன்று இலக்கங்களைக் காட்டும். அது உங்களுடைய எண்ணா என்று பாருங்கள். பதிவு முகாம்களில் "போன் இல்லையா? என் நம்பர் போடுறேன்" என்று தன் எண்ணைப் போட்டுவிட்ட ஆட்கள் உண்டு. அப்படி இருந்தால் உங்கள் ஆதாரின் சாவி அவரிடம் இருக்கிறது என்று அர்த்தம். ஆதார் மையத்துக்குப் போய் மாற்றுங்கள். 2025 அக்டோபர் முதல் இதற்கான கட்டணம் 75 ரூபாய், ரசீதும் தருவார்கள். வாசலில் நிற்பவரிடம் 300, 500 என்று அழ வேண்டாம்.

இப்போது உங்கள் அம்மா. மேலே சொன்னதை வாசித்த வேகத்தில் அவருடைய ஆதாரையும் பூட்டிவிடாதீர்கள். அவருடைய ஓ.ஏ.பி. (முதியோர் பென்ஷன்) பணத்தை வங்கி முகவர் விரல் வைக்கச் சொல்லித்தான் கொடுக்கிறார் என்றால், பூட்டிய மறு மாதம் "ரேகை விழல பாட்டி, அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்து விழாமல் போவது சகஜம் என்பதால், காரணம் பூட்டுதான் என்று யாருக்கும் தோன்றாது. 330 என்ற எண்ணைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் முகவர் அபூர்வம். ரேஷன் கடையிலும் இதே சிக்கல். ஆனால் அங்கே குடும்ப அட்டையில் பெயருள்ள யார் விரல் வைத்தாலும் போதும். நீங்கள் அட்டையில் இருந்தால் நீங்கள் போகலாம். நடக்க முடியாதவருக்காக வேறொருவர் பொருள் வாங்க அனுமதி பெறும் படிவமும் கடையில் உண்டு. பென்ஷனுக்கு அந்த வசதி இல்லை, அவர் விரல்தான் வேண்டும். நவம்பரில் ஆயுள் சான்று கொடுக்கும் அரசு ஓய்வூதியர் வீட்டில் இருந்தால் அவருக்கும் இதே கதைதான். முகத்தைக் காட்டிச் சான்று கொடுக்கும் செயலியும் பூட்டினால் வேலை செய்யாது.

அம்மாவுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அவர் ஆதாரில் உங்கள் மொபைல் எண்ணை இணைப்பது. ஒரே எண்ணைக் குடும்பத்தில் பல பேர் ஆதாரில் இணைக்கலாம், தடையில்லை. பூட்டி வைத்துக்கொள்ளுங்கள். பென்ஷன் வாங்கப் போகும்போது அம்மா உங்களுக்கு போன் செய்யட்டும், நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் போனிலிருந்து பத்து நிமிடம் திறந்துவிடலாம். ஆனால் பத்து நிமிடத்துக்குள் வரிசை நகரவேண்டும். அதனால் கடை வாசலில் நின்றுகொண்டு கூப்பிடாமல், முறை வந்த பிறகு கூப்பிடச் சொல்லுங்கள். நெட்வொர்க் இல்லாத இடமென்றால் இந்த வழி உதவாது.

இரண்டாவது, பூட்டாமலே விட்டுவிட்டு அந்தக் கணக்கில் பணத்தைக் குறைவாக வைப்பது. நகை விற்ற பணம், நிலம் விற்ற பணம், நீங்கள் அனுப்பும் பணம் எதுவும் பென்ஷன் கணக்கில் கிடக்கக்கூடாது. வைப்புத்தொகையாக மாற்றுங்கள், அல்லது ஆதார் இணைக்காத வேறு கணக்கில் வையுங்கள். போன் பேசவே தயங்கும் அம்மாவாக இருந்தால் இந்த வழிதான் நல்லது.

அடுத்து மொபைல் கடை. அங்கே இரண்டு முறை போட்டோ எடுத்ததற்குப் பெரும்பாலும் அர்த்தம், உங்கள் பெயரில் இரண்டு சிம் போயிருக்கலாம் என்பது. வெறும் ஜெராக்ஸ் வைத்து சிம் கொடுக்கும் முறை 2024 ஜனவரி 1 முதல் இல்லை. அதனால்தான் உங்களை நேரில் வைத்தே இரண்டாவது பதிவைச் செய்துவிடுகிறார்கள். அந்த இரண்டாவது சிம் மோசடிக் கும்பலுக்குப் போகும். நாளை போலீஸ் தேடி வருவது உங்கள் முகவரிக்கு. தொலைத்தொடர்புத் துறையின் "சஞ்சார் சாத்தி" தளத்தில் உங்கள் எண்ணும் ஓ.டி.பி.யும் கொடுத்தால் உங்கள் பெயரில் உள்ள எல்லா இணைப்புகளும் வரும். ஒருவருக்கு ஒன்பது வரை அனுமதி. தெரியாத எண்ணுக்கு "என் எண் அல்ல" என்று குறித்து அனுப்புங்கள், அதன் பதிவு எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட வேண்டாம். அப்பாவோ தங்கையோ பயன்படுத்தும் சிம் உங்கள் பெயரில் இருக்கும். அதையும் "என் எண் அல்ல" என்று குறித்துவிட்டால் அவர்கள் இணைப்பு போய்விடும். எண்கள் முழுமையாகத் தெரியாது, கடைசி இலக்கங்களை வீட்டாரிடம் கேட்டு ஒப்பிட்டுவிட்டுக் குறியுங்கள்.

லாட்ஜில் கொடுத்த தாளுக்கு இனி ஒன்றும் செய்யமுடியாது. அடுத்த முறை ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ கொடுங்கள். ஆதாரே வேண்டும் என்றால் முதல் எட்டு இலக்கங்களை மறைத்த ஆதாரைக் கொடுங்கள். மை ஆதார் தளத்தில் பதிவிறக்கும்போது அதற்கான சிறு கட்டத்தில் டிக் செய்தால் போதும். ஜெராக்ஸின் மேலேயே தேதியும் எதற்காக என்பதும் குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் இதைத்தான் சொன்னது: கண்ட இடத்தில் நகல் கொடுக்காதீர்கள், மறைத்த ஆதாரைக் கொடுங்கள். இரண்டே நாளில் மத்திய அரசு, மக்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. சரியான ஒரே அறிவுரையைச் சொன்ன அலுவலகத்தின் வாயை அடைத்தார்கள். அதன் விலையைத்தான் உங்களைப் போன்றவர்கள் இன்று கொடுக்கிறீர்கள்.

ஜெராக்ஸ் கடையின் வாட்ஸ்அப்புக்கு ஆதார் பி.டி.எஃப். அனுப்பி அச்செடுப்பது லாட்ஜில் கொடுப்பதைவிட மோசம். அந்தக் கணினியின் டவுன்லோட்ஸ் பகுதியில் ஊராரின் ஆதார் எல்லாம் வரிசையாகக் கிடக்கும். கடவுச்சொல் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் அது. இரண்டுமே அந்தக் கடைக்காரருக்குத் தெரியும். உங்கள் கண்ணெதிரே கோப்பை அழிக்கச் சொல்லி, குப்பைத் தொட்டியையும் காலி செய்யச் சொல்லுங்கள். பான் நகலும் சேர்த்துக் கொடுத்திருந்தால் உங்கள் பெயரில் கடன் வாங்கியிருக்கிறார்களா என்று, கடன் விவரங்களைக் காட்டும் சிபில் அறிக்கையில் பாருங்கள், ஆண்டுக்கு ஒரு முறை இலவசம்.

அரசு பார்க்கிறதா என்று கேட்டீர்கள். லாட்ஜில் தாள் கொடுத்தது ஆதார் ஆணையத்துக்குத் தெரியாது. விரலோ ஓ.டி.பி.யோ கொடுத்துச் சரிபார்க்கும் ஒவ்வொரு முறையும் அங்கே பதிவாகும். இந்தப் பதிவுகளை ஐந்து ஆண்டு வைத்திருக்க விதி இருந்தது. 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, ஆறு மாதத்துக்கு மேல் கூடாது என்றது. அந்த ஆறு மாதப் பதிவை நீங்களும் பார்க்கலாம். மை ஆதார் தளத்தில் சரிபார்ப்பு வரலாறு என்ற பகுதியில் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த நிறுவனம், விரலா ஓ.டி.பி.யா என்று வரிசையாக இருக்கும். மொபைல் கடைக்குப் போன நாளில் எத்தனை பதிவு இருக்கிறது என்று இன்றே பாருங்கள். 1,500 கேட்டவர் செய்ததும் இதில் தெரியும்.

ஆனால் அரசை நம்பிச் சும்மா இருந்துவிடச் சொல்லமாட்டேன். மேலே நான் பரிந்துரைத்த அதே சஞ்சார் சாத்தியை, எல்லாப் புதிய போன்களிலும் செயலியாக முன்கூட்டியே ஏற்றித்தான் விற்கவேண்டும் என்று 2025 நவம்பர் இறுதியில் அரசு உத்தரவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3-ல் கைவிட்டது. அதனால் தளத்தில் போய் வேலையை முடியுங்கள், செயலியை ஏற்றவேண்டிய அவசியமில்லை. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும், தன் அமைப்புகளுக்குத் தானே விலக்கு அளித்துக்கொள்ளும் அதிகாரத்தை மத்திய அரசு வைத்துக்கொண்டிருக்கிறது. கடைக்காரருக்கு ஒரு சட்டம், அரசுக்கு ஒரு சட்டம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சரிபார்ப்பு வரலாற்றில் தெரியாத பதிவு இருந்து, கணக்கில் பணமும் குறைந்திருந்தால், அன்றே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். வங்கியிலும் எழுத்தில் புகார் கொடுத்து, தேதி முத்திரையுடன் நகல் வாங்குங்கள். குறுஞ்செய்தி வந்த நாளை விட்டு மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால், உங்கள் தவறில்லாத இழப்புக்கு நீங்கள் பொறுப்பல்ல என்பது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை விதி. பத்து வேலை நாளில் அந்தத் தொகையை வங்கி உங்கள் கணக்கில் வைக்கவேண்டும். "விரல் நீங்கதானே வெச்சீங்க, போலீஸ்ல எஃப்.ஐ.ஆர். வாங்கிட்டு வாங்க" என்று கிளையில் சொல்வார்கள். அந்த அலைச்சலில்தான் மூன்று நாள் ஓடிவிடும். முதலில் வங்கிப் புகார், அப்புறம் காவல் நிலையம். முப்பது நாளில் வங்கி பதில் சொல்லவில்லை என்றால் முத்திரை போட்ட அந்த நகலை இணைத்து ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்கு இணையத்திலேயே அனுப்பலாம், கட்டணம் கிடையாது. சந்தேகம் கேட்க 14448.