‘மரியாதை வாரம்’ கொண்டாடினால் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் மாறிவிடுவார்களா?

உங்கள் மகள் ஏழாம் வகுப்பு. பள்ளியில் ஒரு வாரம் முழுக்க ‘மரியாதை வாரம்’ நடந்தது. சுவரெல்லாம் போஸ்டர், தினமும் அசெம்பிளியில் உறுதிமொழி, வெள்ளிக்கிழமை பேச்சுப்போட்டி. அடுத்த திங்கட்கிழமை, அந்தப் பேச்சுப்போட்டியில் முதல் பரிசு வாங்கிய பெண்ணே “அவகூட யாரும் உட்காராதீங்க” என்று உங்கள் மகளைக் காட்டிச் சொல்லியிருக்கிறாள். இந்தக் கொண்டாட்டத்தால் ஏதாவது பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயன் இல்லை. கெடுதலும் இல்லை, சுவருக்கு மறுபடி வெள்ளையடிக்கும் செலவைத் தவிர.

17 வருடமாக ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குத்தான் பாடம் எடுக்கிறேன். அந்த மாதிரி போஸ்டர்களை நானே நிறைய ஒட்டியிருக்கிறேன். அதனால் உங்கள் மகளின் ஆசிரியர்களைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் இந்த வயதைப் பற்றிக் கொஞ்சம். ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒரே டீச்சர். அழுதாலும் சண்டை போட்டாலும் அவருக்குத் தெரியும். ஆறாம் வகுப்புக்கு வந்ததும் ஒரு நாளில் ஏழு பேர் வந்து போகிறார்கள். ஏழு பேருக்கும் அவள் ஒரு ரோல் நம்பர். அதே சமயம் உடம்பு மாறுகிறது, குரல் உடைகிறது, அம்மா என்ன நினைப்பாள் என்பதைவிடப் பக்கத்து பெஞ்சில் இருப்பவள் என்ன நினைப்பாள் என்பது பெரிதாகிறது. தன்னை ஒருவர் மதிக்கிறாரா, மட்டம் தட்டுகிறாரா என்பதை மோப்பம் பிடிப்பதில் 12 வயதுப் பிள்ளையை யாராலும் ஜெயிக்க முடியாது. நாம் சொல்வதை விட்டுவிடுவார்கள், சொன்ன தொனியை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன்.

ஏழாம் வகுப்பில் ஒரு பையன். முதல் பீரியடுக்கு அடிக்கடி பத்து நிமிடம் தாமதமாக வருவான். ஒருநாள் எனக்கு வேறு ஏதோ எரிச்சல். அவன் வாசலில் நின்றதும், “வாங்க தொரை, இப்பதான் விடிஞ்சுதா உங்களுக்கு?” என்றேன். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தபடி போய் உட்கார்ந்தான். எனக்கும் உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்தி, நன்றாகச் சொன்னோம் என்று.

நம் மொழியில் இது ஒரு வசதி. ‘வாடா’ என்று பிரியமாகக் கூப்பிடலாம், ‘வாங்க’ என்று சொல்லியே ஆளைக் கூனிக்குறுக வைக்கலாம். அன்று நான் சொன்ன வாக்கியத்தில் மரியாதைப் பன்மைக்கு ஒரு குறையும் இல்லை.

மறுநாளிலிருந்து அவன் பெயர் தொரை. மைதானத்தில் தொரை, படிக்கட்டில் தொரை, வாட்ஸ்அப் குரூப்பில் தொரை. ஒரு மாதத்தில் ஆறாம் வகுப்புப் பொடியன்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவனைவிடச் சின்னவர்கள் கூப்பிட ஆரம்பித்த பிறகு அவன் சிரிப்பதை நிறுத்தினான். நோட்டு கொண்டுவருவதையும் நிறுத்தினான். தம்பியை மழலையர் வகுப்பில் விட்டுவிட்டு, அவன் அழுகையை நிறுத்தும்வரை நின்றுவிட்டு வருவதால்தான் தாமதம் என்பது எனக்குத் தெரிய ஒரு பருவம் முழுக்க ஆனது. அதையும் அவன் சொல்லவில்லை. மழலையர் வகுப்பு டீச்சர் ஸ்டாஃப் ரூமில் வேறு ஏதோ பேச்சில் சொன்னார்.

ஒரு பையனைக் கிண்டல் செய்ய 40 பேருக்கு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தது நான்தான். உங்கள் மகள் வகுப்பில் அந்தச் சீட்டை எழுதியது யார் என்று எனக்குத் தெரியாது. பெரியவர் யாராவது எழுதியிருக்கக்கூடும் என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. “உனக்கெல்லாம் எத்தனை தடவை சொல்றது” என்று ஒரு பிள்ளையிடம் நான்கு முறை வகுப்பின் முன் சொன்னாலே போதும், அவளை விலக்கி வைக்கலாம் என்று மற்றவர்கள் புரிந்துகொள்வார்கள்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். தனியாகக் கேட்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவமானப்படுத்தியது எல்லோர் முன்னாலும். அதனால் எல்லோர் முன்னாலும்தான் கேட்டேன். பெரிய உருக்கமெல்லாம் இல்லை. யாரோ ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். அந்தப் பையன் டெஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பட்டப்பெயரும் போகவில்லை, எட்டாம் வகுப்பு முடியும்வரை கொஞ்சம் பேர் வாயில் இருந்தது. மாறியது ஒன்றே ஒன்று. நோட்டு மறுபடி வந்தது.

பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியலாளர் 1932-இல் எழுதியது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் பிள்ளைகளோடு உட்கார்ந்து கோலி விளையாடி, “இந்த விதி எங்கிருந்து வந்தது, மாற்றலாமா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தவர். சின்னப் பிள்ளைகள் விதி என்பது பெரியவர்கள் கொடுத்தது, மாற்றவே கூடாது என்றார்கள். 11, 12 வயதுக்காரர்கள், எல்லோரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள். முதல் வகையில் இருக்கும் மரியாதையை ஒருதலையானது என்றும், இரண்டாவதைப் பரஸ்பரமானது என்றும் அவர் பிரித்தார். கஷ்டம் என்னவென்றால், பிள்ளைகள் இரண்டாவதற்கு நகரும் அதே வயதில் அவர்களை நடுநிலைப் பள்ளியில் சேர்த்து, முதலாவதை இன்னும் இறுக்கமாகக் கேட்கிறோம். எழுந்து நில், கையைக் கட்டு, எதிர்த்துப் பேசாதே. கிடைப்பது பயம். அதற்கு மரியாதை என்று பெயர் வைத்துவிட்டு, நாம் திரும்பியதும் அது காணாமல் போகிறதே என்று ஸ்டாஃப் ரூமில் புலம்புகிறோம்.

பெரியவர்கள் மாறினால் பிள்ளைகள் மாறுவார்களா என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு: கலிஃபோர்னியாவில் 5 நடுநிலைப் பள்ளிகள், 31 கணித ஆசிரியர்கள், 1,682 மாணவர்கள். பிள்ளைகளுக்கு எந்த வகுப்பும் எடுக்கவில்லை. ஆசிரியர்களில் ஒரு பாதிப் பேருக்கு மட்டும் ஒரு சின்ன இணையப் பயிற்சி. தவறு செய்த பிள்ளை ஏன் அப்படிச் செய்தான் என்று அவன் பக்கமிருந்து பார்ப்பது, கண்டிக்கும்போதும் உறவை அறுத்துக்கொள்ளாமல் இருப்பது, இவற்றைப் பற்றிப் படித்து எழுதுவதுதான் பயிற்சி. மற்ற ஆசிரியர்களின் மாணவர்களில் அந்த வருடம் சஸ்பெண்ட் ஆனவர்கள் 9.6 சதவீதம். இவர்களுடைய மாணவர்களில் 4.8 சதவீதம். இவ்வளவுக்கும் சஸ்பெண்ட் செய்தது அந்தக் கணித ஆசிரியர் மட்டுமல்ல, பள்ளியில் யார் செய்ததும் இந்தக் கணக்கில் சேரும். ஒரு பீரியடில் கிடைத்த மரியாதையை அந்தப் பிள்ளை மற்ற பீரியடுகளுக்கும் கொண்டுபோயிருக்கிறான்.

இன்னொன்று, அதைவிடச் சிறியது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தித் தரும்போது எல்லோருக்கும் ஒரு துண்டுச் சீட்டு வைத்தார்கள். உன்மீது எனக்கு எதிர்பார்ப்பு அதிகம், உன்னால் அதை எட்ட முடியும் என்று தெரிந்துதான் இவ்வளவு திருத்தியிருக்கிறேன் என்று சிலருடைய சீட்டில் இருந்தது. மற்றவர்களுக்கு வைத்த சீட்டில் வெறுமனே, இவை உன் கட்டுரை பற்றிய கருத்துகள் என்று. கறுப்பின மாணவர்களில், வெறும் சீட்டு கிடைத்தவர்களில் 17 சதவீதம் பேர் கட்டுரையைத் திருத்தி எழுதினார்கள். எதிர்பார்ப்புச் சீட்டு கிடைத்தவர்களில் 72 சதவீதம். சிறிய ஆய்வுதான், எல்லா இடத்திலும் இதே எண் வரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதைப் படித்த பிறகு ‘கவனம் தேவை’ என்று சிவப்பு மையில் எழுதுவதை விட்டுவிட்டேன். அதை எழுத எனக்கு இரண்டு நொடி ஆகும், படிக்கிறவனுக்கு அரை நொடிகூட ஆகாது.

சரி, உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே நடப்பது பிள்ளைகளுக்குள் நடப்பது.

“யாரும் உட்காராதீங்க” என்று ஒருத்திதான் சொல்லியிருப்பாள். கேட்டவர்கள் எத்தனை பேர்? கனடாவில் ஆரம்பப் பள்ளி மைதானங்களில் கேமரா வைத்துப் பதிவு செய்த ஓர் ஆய்வு 2001-இல் வந்தது. உங்கள் மகளைவிடச் சின்னப் பிள்ளைகள்தான், இருந்தாலும் கேளுங்கள். ஒருவரை ஒருவர் வதைத்த சம்பவங்களில் 88 சதவீதத்தில் மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 19 சதவீதத்தில் மட்டும் யாராவது குறுக்கிட்டார்கள். அப்படிக் குறுக்கிட்டவற்றில் பாதிக்கு மேல், 57 சதவீதம், 10 நொடிக்குள் வதை நின்றுவிட்டது. ஒரு பிள்ளை “ஏய், விடு” என்று சொன்னால் பத்து நொடி. அதே இடத்துக்கு நான் ஓடிப் போய்ச் சேரவே அதைவிட நேரமாகும்.

அப்படியானால் யார் அந்த “ஏய், விடு”வைச் சொல்வது? இங்கேதான் பள்ளிகள் ஆளை மாற்றிப் பிடிக்கின்றன. கிளாஸ் லீடராக நாம் போடுவது யாரை? முதல் ரேங்க், எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய தலை, டீச்சர் சொன்னதைத் தட்டாத பிள்ளை. பேச்சுப்போட்டிப் பரிசும் அங்கேதான் போகும். வகுப்பு யார் பேச்சைக் கேட்கிறது என்பது வேறு விஷயம். நியூ ஜெர்சியில் 2012-13 கல்வியாண்டில் 56 நடுநிலைப் பள்ளிகளில் இதைச் சோதித்தார்கள். நீ யாரோடு அதிக நேரம் செலவிடுகிறாய் என்று எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்டு, பலர் பார்வை யார்மேல் விழுகிறது என்று வரைபடம் போட்டார்கள். பாதிப் பள்ளிகளில் ஒவ்வொரு மாணவர் குழுவைச் சேர்த்து, உங்கள் பள்ளியில் எந்தச் சண்டை அதிகம், அதற்கு என்ன செய்யலாம் என்று அந்தப் பிள்ளைகளையே யோசிக்க வைத்தார்கள். நல்லது செய்கிறவனைப் பார்த்தால் கையில் ஒரு பட்டை கட்டிவிடுவது மாதிரி யோசனைகள் அப்படி வந்தவை. சண்டை பற்றிய புகார்கள் அந்தப் பள்ளிகளில் கணிசமாகக் குறைந்தன. பலர் பார்வை விழும் பிள்ளைகள் குழுவில் அதிகம் இருந்த இடங்களில் பலன் இன்னும் கூடுதல்.

என் வகுப்பில் அப்படிப்பட்டவன் கடைசி பெஞ்ச்காரன். மாதம் ஒருமுறை ஹெச்.எம். அறை வாசலில் நிற்பவன். அவனை அழைத்து, “புதுசா சேர்ந்த பையன் பிரேக்ல தனியாவே நிக்கிறான், என்ன பண்ணலாம்னு தெரியல” என்றேன். உபதேசம் எதுவும் செய்யவில்லை, யோசனைதான் கேட்டேன். “நான் பார்த்துக்கிறேன் மிஸ்” என்றான். இரண்டு நாளில் அந்தப் புதுப் பையன் கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர். (கடைசி பெஞ்ச்காரன் அதற்கப்புறமும் ஹெச்.எம். அறை வாசலில் நின்றுகொண்டுதான் இருந்தான். வேறு காரணங்கள்.)

ஒரு எச்சரிக்கை. பள்ளி, இருவரையும் கூப்பிட்டு “கை குலுக்குங்க, ஃப்ரெண்ட்ஸ் ஆயிடுங்க” என்று முடித்துவைக்கப் பார்க்கும். ஒத்துக்கொள்ளாதீர்கள். சமபலமுள்ள இரண்டு பேர் சண்டை போட்டால் சமாதானம் பேசலாம். ஒருத்தியைப் பத்து பேர் ஒதுக்கி வைப்பது சண்டையே அல்ல. அவளைக் கை நீட்டச் சொல்வது இரண்டாவது அவமானம். பேசவேண்டியது ஒதுக்கியவர்களிடம், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக. தனியாக உட்கார்த்திவைத்துக் கேட்டால், அந்தப் பத்து பேரில் பாதிப் பேருக்கு மேல் “எனக்கு அவமேல ஒண்ணும் இல்ல மிஸ், எல்லாரும் பண்ணாங்க” என்பார்கள். 17 வருடத்தில் இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எண்ணவில்லை. அப்படிச் சொன்னவளிடம், “நாளைக்கு நீ அவகூட உட்காருவியா?” என்று கேட்டால் பாதி வேலை முடிந்தது.

பள்ளிக்குப் போகும்போது என்ன கேட்பது என்றும் எழுதியிருந்தீர்கள். ‘மரியாதை வார’த்தைப் பற்றிக் கேட்காதீர்கள், ஆல்பம் எடுத்துக் காட்டுவார்கள். உங்கள் பள்ளியில் ஒரு ஆசிரியர் ஒரு பிள்ளையை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்திவிட்டால் அந்தப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்வாள் என்று கேளுங்கள்.

அபத்தமான கேள்வியாகத் தோன்றலாம். யானுஷ் கோர்ச்சாக் என்ற மருத்துவர் 1912 முதல் வார்சாவில் ஓர் அனாதை இல்லம் நடத்தினார். அங்கே பிள்ளைகளுக்கென்று ஒரு நீதிமன்றம் இருந்தது, நீதிபதிகளும் பிள்ளைகளே, சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். சட்டப் புத்தகத்தில் முதல் 99 பிரிவுகளும் மன்னிப்பது, விட்டுவிடுவது பற்றியவை. பெரியவர்கள்மீதும் வழக்குப் போடலாம். அரை வருடத்தில் 5 முறை அவரே தன்னை அங்கே நிறுத்திக்கொண்டார். ஒருமுறை ஒரு பையனின் காதில் அறைந்ததற்காக. இன்னொரு முறை ஒரு சிறுமி திருடினாள் என்று சந்தேகப்பட்டதற்காக. அதனால் தனக்கு மதிப்புக் குறைந்ததாக அவர் எழுதவில்லை. நல்ல ஆசிரியராக ஆனது அதனால்தான் என்றே எழுதினார்.

உங்கள் பள்ளியில் நீதிமன்றம் வைக்கவேண்டாம். அந்தக் கேள்விக்கு “அப்படியெல்லாம் இங்கே நடக்காதுங்க” என்று பதில் வந்தால் உங்கள் மகளைத் தனியாக அனுப்பாதீர்கள், கூடவே போங்கள். “எங்கிட்ட வந்து சொல்லலாம், போன மாசம்கூட ஒரு பொண்ணு வந்தா” என்று வந்தால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மிச்சத்தையும் பேசுங்கள்.